'எர்ஸ்ட்வைல்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே வைப்பது, எங்கே வைக்கக்கூடாது?

வங்கி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர் என் மாலை வகுப்புக்கு வந்தார். "தம்பி, மற்றதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். இந்த ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை" என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் கணக்கு வைத்திருந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய வங்கியின் பெயருக்கு முன்னால், 'முன்னாள்' என்ற பொருளில், 'எர்ஸ்ட்வைல்' என்று அச்சிட்டிருந்தார்கள். அதையும் வங்கிப் பெயரின் ஒரு பகுதி என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். தன் வங்கிக்கு அப்படியொரு பெயரே கிடையாதே, அப்படியானால் இந்த அறிவிப்பு தனக்கில்லை என்று காசோலைப் புத்தகத்தை மாற்றாமல் விட்டுவிட்டார்.

ஒரு சொல் தெரியாததால் ஒருவருடைய பணம் சிக்கிக்கொள்ளக்கூடாது. அதனால்தான் இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிதாக ஆங்கிலம் எழுதப் பழகுகிறவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன். இது வழக்கொழிந்த சொல், நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் அருகிப்போன இந்தச் சொல், இந்தியாவின் வங்கி, அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, நாளிதழ் ஆகியவற்றில் இன்றும் நாள்தோறும் புழங்குகிறது.

முதலில் சொல்லைக் காதில் வாங்குங்கள்

ஒன்பது எழுத்துகள்: இ, ஆர், எஸ், டி, டபிள்யூ, ஹெச், ஐ, எல், இ. அழுத்தம் முதல் அசையில் விழும். 'எர்ஸ்ட்' என்பதை அழுத்திச் சொல்லி, 'வைல்' என்பதை இறக்கிச் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் ஹெச் ஒலிக்காது. இங்கிலாந்துக்காரர்கள் ஆர் ஒலியை விழுங்கிவிடுவார்கள், அமெரிக்கர்கள் உருட்டுவார்கள். நாம் ஆர் ஒலியோடு சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

எழுதும்போது வரும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: ஹெச்சை விட்டுவிடுவது. பின்பாதி 'வைல்' என்ற தனிச்சொல் என்பதை நினைவில் வைத்தால் அது வராது. 'மீன்வைல்', 'வொர்த்வைல்' ஆகியவற்றின் வாலில் இருப்பதும் இதே 'வைல்'தான். அதற்குப் பொழுது, நேரம் என்று பொருள். 'வொர்த்வைல்' என்றால் செலவழிக்கும் நேரத்துக்குத் தகுந்தது. 'மீன்வைல்' என்றால் இடைப்பட்ட பொழுதில்.

முன்பாதியான 'எர்ஸ்ட்' பழைய ஆங்கிலத்தில் 'முதன்முதலில், மிக முன்னால்' என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வந்தது. சீக்கிரம் என்ற பொருளில் நாம் சொல்லும் 'எர்லி'யும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக 'எர்ஸ்ட்வைல்' என்பதைப் பிரித்தால் முன் + பொழுது.

இப்போது நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முன்னாள் என்பது முன் + நாள். அவர்கள் பொழுதைச் சேர்த்தார்கள், நாம் நாளைச் சேர்த்தோம். இரண்டு மொழிகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரே மாதிரி யோசித்து ஒரே மாதிரிச் சொல்லைக் கட்டியிருக்கின்றன. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல கைப்பிடி கிடைக்காது. தமிழில் 'முன்னாள்' என்ற சொல்லை நீங்கள் எப்படி வைக்கிறீர்களோ, ஏறத்தாழ அப்படியேதான் 'எர்ஸ்ட்வைல்' என்பதையும் ஆங்கிலத்தில் வைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வருவது பெரும்பாலும் இதன் விரிவுதான்.

'என்னவாக இருந்தது? இப்போது என்னவாக இல்லை?'

ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் 'எர்ஸ்ட்வைல்' போடுவதற்கு முன்பு இந்த இரட்டைக் கேள்வியைக் கேளுங்கள். இரண்டுக்கும் விடை இருந்தால் மட்டும் போடுங்கள்.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம் அது. 1948இல் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சமஸ்தானமாக இருந்தது, இப்போது சமஸ்தானமாக இல்லை. ஆகவே 'தி எர்ஸ்ட்வைல் ஸ்டேட் ஆஃப் புதுக்கோட்டை' என்பது சரி. அங்கே அரண்மனையாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. கட்டடம் இடியவில்லை, அழகாகவே நிற்கிறது. ஆனால் அரண்மனை என்ற நிலை போய்விட்டது. 'தி கலெக்டரேட் இஸ் இன் தி எர்ஸ்ட்வைல் பேலஸ்' என்று எழுதினால், முன்னாளில் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது என்ற முழுச் செய்தியும் கிடைத்துவிடும். அதே இடத்தில் 'ஓல்டு பேலஸ்' என்று எழுதினால் கட்டடத்தின் வயது மட்டுமே தெரியும். மைசூர் அரண்மனையையும் பழைய அரண்மனை என்று சொல்லலாம், அதனால் அது அரண்மனை இல்லை என்று ஆகிவிடாது.

இதுதான் சொல்லின் உயிர்நிலை. 'எர்ஸ்ட்வைல்' வயதைச் சொல்வதில்லை, இழந்த நிலையைச் சொல்கிறது. ஐந்து வருடம் ஓடிய நிறுவனம் போன மாதம் இன்னொன்றோடு இணைந்தால் அது எர்ஸ்ட்வைல். ஆயிரம் ஆண்டு கண்ட தஞ்சைப் பெரிய கோயில் எர்ஸ்ட்வைல் இல்லை, அது இன்றும் கோயில்தான்.

இதில் சென்னைக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1996இல் நகரத்தின் ஆங்கிலப் பெயர் மெட்ராஸ் என்பதிலிருந்து சென்னை என்று மாறியது. உடனே மெட்ராஸ் என்று எங்கே கண்டாலும் முன்னால் 'எர்ஸ்ட்வைல்' சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் உயர் நீதிமன்றத்தின் பெயர் ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ் ஹைகோர்ட்தான். பல்கலைக்கழகம் யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்தான், ஐஐடியும் அப்படியே. 'எர்ஸ்ட்வைல் மெட்ராஸ் ஹைகோர்ட்' என்று எழுதினால் அந்த நீதிமன்றத்தையே கலைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். எது மாறியதோ அதன் முன்னால் மட்டும் போடுங்கள்.

எந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்ட வேண்டும்?

'முன்னாள்' என்ற சொல்லைத் தமிழில் எங்கே வைக்கிறோம்? 'முன்னாள் அமைச்சர்' என்கிறோம். 'அந்த அமைச்சர் முன்னாளாக இருக்கிறார்' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் இதே கட்டுப்பாடு. 'மை எர்ஸ்ட்வைல் பார்ட்னர்' சரி. 'மை பார்ட்னர் இஸ் எர்ஸ்ட்வைல்' தவறு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் அதற்கு இடம், வாக்கியத்தின் முடிவில் பயனிலையாக நிற்காது.

அதேபோல 'மிகவும் முன்னாள்', 'அதைவிட முன்னாள்' என்று சொல்வோமா? இல்லை. அதனால் 'வெரி எர்ஸ்ட்வைல்', 'மோர் எர்ஸ்ட்வைல்' என்பவையும் கிடையாது. ஒரு நிலை போய்விட்டது, அல்லது போகவில்லை. நடுவில் அளவு இல்லை.

முன்னால் 'எ' போடுவதா, 'ஆன்' போடுவதா என்ற ஐயம் வந்தால், சொல் உயிரொலியில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்: 'ஆன் எர்ஸ்ட்வைல் காலீக்'. ஆனால் நடைமுறையில் 'தி' அல்லது 'ஹிஸ்', 'ஹெர்', 'தெயர்' போன்றவைதான் அதிகம் வரும். எந்த வங்கி, எந்த நண்பர் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் இந்தச் சொல்லே தேவைப்படுகிறது.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். ஒரு தொடரில் இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கும்போது எதன் முன்னால் வைக்கிறோம் என்பது பொருளையே மாற்றிவிடும்.

'தி எர்ஸ்ட்வைல் மேனேஜர் ஆஃப் தி பேங்க்' என்றால் மேலாளர் இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை, வங்கி இருக்கிறது. 'எ மேனேஜர் ஆஃப் தி எர்ஸ்ட்வைல் பேங்க்' என்றால் வங்கி போய்விட்டது. அந்த மேலாளர் இணைந்த புதிய வங்கியில் இன்னும் வேலையில் இருக்கலாம். இரண்டு வாக்கியங்களும் ஒரே சொற்களால் ஆனவை, ஆனால் சொல்வது வெவ்வேறு மனிதர்களின் கதை. தமிழிலும் 'முன்னாள் வங்கி மேலாளர்' என்று எழுதினால் இதே குழப்பம் வரும். யார் முன்னாள்? மேலாளரா, வங்கியா? ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற சொல்லைப் போட்டுப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் ஊரில் இந்தச் சொல்லை எங்கே சந்திப்பீர்கள்?

வங்கிகளில்தான் அதிகம். 2019 ஏப்ரல் 1 அன்று தேனா வங்கியும் விஜயா வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தன. அடுத்த ஆண்டு அதே தேதியில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும் இணைந்தன. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. இவற்றின் வாடிக்கையாளர்களுக்கு வரும் கடிதங்களில் 'எர்ஸ்ட்வைல் அலகாபாத் பேங்க்', 'எர்ஸ்ட்வைல் லட்சுமி விலாஸ் பேங்க்' போன்ற தொடர்களைப் பார்க்கலாம். பஞ்சாப் நேஷனல் வங்கியோடு ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸும் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியாவும் சேர்ந்த பிறகு வந்த அறிவிப்புகளில் 'இஓபிசி', 'இயுஎன்ஐ' என்று சுருக்கியே எழுதினார்கள். முன்னால் நிற்கும் அந்தச் சின்ன இ, இணையச் சேவையைக் குறிப்பது அல்ல. 'எர்ஸ்ட்வைல்' என்பதன் முதலெழுத்து அது. சொல் ஓர் எழுத்தாகச் சுருங்கிக் காசோலைப் புத்தகம் வரை வந்துவிட்டது என்றால், அதற்கு இங்கே எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது அரசு. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் பிரிக்கப்பட்டு மின் உற்பத்தி, பகிர்மானத்துக்கு ஒரு நிறுவனமும் மின் தொடரமைப்புக்கு ஒரு நிறுவனமும் உருவாயின. அதற்குப் பிந்தைய ஆவணங்களில் பழைய வாரியம் 'தி எர்ஸ்ட்வைல் டிஎன்இபி'. திட்டக் குழுவின் இடத்துக்கு 2015இல் நிதி ஆயோக் வந்ததிலிருந்து 'தி எர்ஸ்ட்வைல் பிளானிங் கமிஷன்'. வேலூர் மாவட்டத்திலிருந்து 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பிரிவதற்கு முன்பிருந்த பெரிய மாவட்டத்தை மட்டும் குறிக்க 'தி எர்ஸ்ட்வைல் காம்போசிட் வேலூர் டிஸ்ட்ரிக்ட்' என்று எழுதலாம். இங்கே 'காம்போசிட்' என்ற சொல் அவசியம். வேலூர் மாவட்டம் இன்றும் இருக்கிறதே! ஒருங்கிணைந்த மாவட்டம்தான் இல்லை. சட்டத் துறையில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

மன்னர் குடும்பங்களைப் பற்றிய செய்திகளிலும் இது தவறாமல் வரும். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1971இல் செய்யப்பட்ட அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம், சமஸ்தான மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் நீக்கியது. அதன் பிறகு எந்த நாளிதழும் ஒருவரை நேரடியாக மகாராஜா என்று எழுதுவது சட்டப்படி பொருந்தாது. 'தி எர்ஸ்ட்வைல் மகாராஜா', 'தி எர்ஸ்ட்வைல் ராயல் ஃபேமிலி' என்று எழுதும் வழக்கம் அதற்குச் சரியாகப் பொருந்தியது. மரியாதையும் குறையாமல், பட்டமும் கொடுக்காமல் எழுத ஒரு வழி.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதன் புழக்கம் வேறு மாதிரி. அங்கே இணைந்துபோன நிறுவனத்தையோ கலைந்துபோன நாட்டையோ பெரும்பாலும் 'ஃபார்மர்' என்றே எழுதுவார்கள். 1991இல் கலைந்த சோவியத் யூனியனை நம் பத்திரிகைகள் 'எர்ஸ்ட்வைல்' என்று எழுதும், அவர்கள் 'ஃபார்மர் சோவியத் யூனியன்' என்பார்கள். 'எர்ஸ்ட்வைல்' என்பதை அவர்கள் எடுத்து வைப்பது உறவு மாறிப்போன இடத்தில்: எர்ஸ்ட்வைல் ஃபிரெண்ட், எர்ஸ்ட்வைல் அலை (கூட்டாளி), எர்ஸ்ட்வைல் ரைவல். 'ஹிஸ் எர்ஸ்ட்வைல் அலைஸ் வோட்டட் அகெய்ன்ஸ்ட் ஹிம்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் இன்று எதிர்த்து வாக்களித்துவிட்டார்கள். 'ஃபார்மர்' போட்டாலும் செய்தி அதேதான். 'எர்ஸ்ட்வைல்' போடும்போது, அந்தத் திருப்பத்தின்மேல் எழுதுகிறவரின் விரல் ஒரு கணம் நிற்கிறது. கதையோ கட்டுரையோ எழுத விரும்புகிறவர்கள் இந்தப் பயன்பாட்டைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

ஒரு திருமண அழைப்பிதழின் அச்சுப் படியைப் பிழை திருத்தித் தரும்படி ஒருமுறை என்னிடம் கொடுத்தார்கள். மணமகனின் தாத்தா சில ஆண்டுகளுக்கு முன் காலமானவர். ஆங்கிலப் பக்கத்தில் 'கிராண்ட்சன் ஆஃப் எர்ஸ்ட்வைல் திரு' என்று அச்சாகியிருந்தது. 'லேட்' என்பதைவிட இது கம்பீரமாக இருக்கிறதே என்று வீட்டில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எனக்கு மனம் கனத்துவிட்டது. காலஞ்சென்ற ஒருவர் தாத்தா என்ற நிலையை இழப்பதில்லை. அவர் என்றென்றும் தாத்தாதான். உயிரோடு இல்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'லேட்' என்ற சொல் உண்டு, நம் 'மறைந்த', 'காலஞ்சென்ற' என்பவற்றுக்கு இணை அது. அன்றே அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி மாற்றினோம்.

இன்னொரு குழப்பம் 'அப்போதைய' என்பது. ஒரு நிகழ்ச்சி நடந்தபோது யார் பதவியில் இருந்தாரோ அவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'தி தென்' என்று எழுத வேண்டும். மூன்று சொற்களையும் ஒரே வரலாற்றில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். மெட்ராஸ் ஸ்டேட் என்ற பெயர் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்று மாறியது. அப்போது முதலமைச்சர் அண்ணா. இருபதே நாட்களில், பிப்ரவரி 3 அன்று, அவர் மறைந்தார். பெயர் மாறிய நாளைப் பற்றி எழுதும்போது அவர் 'தி தென் சீஃப் மினிஸ்டர்'. இன்று அவரை நினைவுகூரும்போது 'தி லேட் சி. என். அண்ணாதுரை'. அவர் பெயர் மாற்றிய மாநிலம் 'தி எர்ஸ்ட்வைல் மெட்ராஸ் ஸ்டேட்'. மூன்றையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், ஒன்றும் பொருந்தாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபார்மர்' என்பது எங்கும் செல்லும் நாணயம், ஐயம் வந்தால் அதையே போடுங்கள். ஆனால் பக்கத்திலேயே இரண்டு பொருள்களைச் சொல்லி, முதலாவதைக் குறிக்கவும் 'தி ஃபார்மர்' என்று எழுதியிருந்தால் குழப்பம் வரும், அங்கே 'எர்ஸ்ட்வைல்' கைகொடுக்கும். 'எக்ஸ்' என்பது எக்ஸ் சர்வீஸ்மேன், எக்ஸ் எம்எல்ஏ என்று நிலைத்துவிட்ட இடங்களில் அப்படியே இருக்கட்டும். காலத்தையே குறிக்க வேண்டுமானால், 'அந்தக் காலம்' என்று நாம் சொல்வதற்கு, 'ஓல்டன் டேஸ்' அல்லது 'பைகான் டேஸ்' என்று எழுத வேண்டும். 'எர்ஸ்ட்வைல் டேஸ்' பொருந்தாது. நாள் எந்தப் பதவியையும் இழப்பதில்லை அல்லவா? திரைப்படப் பக்கங்களில் வரும் 'எஸ்டர்இயர் ஆக்ட்ரஸ்' என்பது அந்நாளைய நடிகை. அவர் இன்று நடிக்காவிட்டாலும் நடிகை என்ற பெயர் அவரோடு நிற்கிறது, அதனால் அங்கே இந்தச் சொல்லைத் திணிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'எர்ஸ்ட்வைல்' பாராட்டுச் சொல் அல்ல. பழமையாக ஒலிப்பதால் பெருமைக்குரிய, மதிப்புக்குரிய என்று பொருள்கொண்டு, வரவேற்புரையில் 'அவர் எர்ஸ்ட்வைல் பிரின்சிபல்' என்று முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பதவியில் இருக்கும் முதல்வர் மேடையில் அமர்ந்திருக்கும்போதே அவரை முன்னாள் முதல்வர் ஆக்கிவிடுகிற பிழை இது. மதிப்புக்கு 'எஸ்டீம்டு' என்ற சொல் தனியாக இருக்கிறது.

ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதும் வேண்டாம். 'எர்ஸ்ட்வைல் எக்ஸ் சேர்மன்', 'எர்ஸ்ட்வைல் ஃபார்மர் பார்ட்னர்' ஆகியவற்றில் ஒரு சொல் வீண்.

பெயர் மட்டும் மாறியிருந்தால்?

இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, என் முடிவைச் சொல்கிறேன். 'சென்னை, எர்ஸ்ட்வைல் மெட்ராஸ்' என்று நம் ஆவணங்களில் எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இங்கே இந்தச் சொல் 'முன்பு' என்ற வினையடையின் வேலையைச் செய்கிறது. அது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்ததே 'முன்பு' என்ற வினையடையாகத்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வருவது ஏறக்குறைய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட பழக்கம். ஆனாலும் இன்றைய வெளிநாட்டு வாசகருக்கு அந்தப் பழைய அமைப்பு இடறும். அவர்களுக்கு எழுதும்போது 'சென்னை, ஃபார்மர்லி மெட்ராஸ்' என்பதே தெளிவு. உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதும்போது அவர்கள் எழுதும் வழக்கத்தையே பின்பற்றலாம், தவறில்லை.

இப்போது ஒரு வாக்கியம் கட்டுவோம்

உங்கள் ஊரில் திரையரங்கு ஒன்று மூடப்பட்டுத் திருமண மண்டபமாகியிருக்கும். இல்லாத ஊர் குறைவு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள்: 'எங்கள் தெருவில் முன்பு திரையரங்காக இருந்த கட்டடம் இப்போது திருமண மண்டபம்.' இரட்டைக் கேள்வியைக் கேளுங்கள். என்னவாக இருந்தது? திரையரங்காக. இப்போது என்னவாக இல்லை? திரையரங்காக இல்லை. ஆகவே நிலையை இழந்த பெயர்ச்சொல் 'தியேட்டர்'. அதன் முன்னால் சொல்லை வையுங்கள்: 'தி எர்ஸ்ட்வைல் தியேட்டர்'. பிறகு இன்றைய நிலையைச் சொல்லி முடியுங்கள்: 'தி எர்ஸ்ட்வைல் தியேட்டர் இஸ் நவ் எ மேரேஜ் ஹால்.' அவ்வளவுதான், வாக்கியம் நிற்கிறது.

அடுத்து அதே வாக்கியத்தில் ஆளைக் கொண்டுவாருங்கள். அங்கே படம் ஓட்டியவர் இப்போது மண்டபக் காவலர். 'தி எர்ஸ்ட்வைல் ஆப்பரேட்டர் ஆஃப் தி தியேட்டர்' என்று எழுதலாமா? திரையரங்கும் இல்லையே! 'தி ஆப்பரேட்டர் ஆஃப் தி எர்ஸ்ட்வைல் தியேட்டர்' என்றால் அவர் வேலை மாறியது விட்டுப்போகிறது. இரண்டுக்கும் சொல்லைப் போட்டால் காது வலிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றை மட்டும் 'எர்ஸ்ட்வைல்' என்று வைத்து, மற்றதை வினைச்சொல்லிடம் கொடுத்துவிடுங்கள்: 'தி வாட்ச்மேன் ஒன்ஸ் ரேன் ஃபிலிம்ஸ் இன் தி எர்ஸ்ட்வைல் தியேட்டர்.' காவலர் ஒருகாலத்தில் படம் ஓட்டினார் என்பது 'ஒன்ஸ் ரேன்' என்பதிலேயே வந்துவிடுகிறது.

இதேபோல ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். பொருள்கள் உங்கள் வாழ்க்கையிலிருந்தே வரட்டும்: மூடிய நூற்பாலை, பெயர் மாறிய பள்ளி, பிரிந்த மாவட்டம், கூட்டு முறிந்த வியாபாரி, இணைந்த வங்கி. எழுதிய ஒவ்வொன்றிலும் 'எர்ஸ்ட்வைல்' என்பதை எடுத்துவிட்டு 'ஃபார்மர்' என்று வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பொருள் சிறிதும் மாறாமல் நின்றால் சொல்லை வைத்த இடம் சரி. வாக்கியம் உடைந்தாலோ பொருள் விலகினாலோ இடம் தவறு. பிறகு, அன்றாடக் கடிதத்துக்கு 'ஃபார்மர்' போதுமென்றால் அதையே விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் 'எர்ஸ்ட்வைல்' ஒருமுறைக்கு மேல் வந்தால் நான் இரண்டாவதை அடித்துவிடுவேன். வேலைக்கான விண்ணப்பத்தில் உங்களையே 'எர்ஸ்ட்வைல் ஸ்டூடன்ட்' என்று எழுதாதீர்கள். இலக்கணப்படி பிழை இல்லை, ஆனால் அந்தக் கல்லூரியோடு மனக்கசப்பில் பிரிந்தவர் போன்ற தொனி வந்துவிடலாம். 'ஃபார்மர் ஸ்டூடன்ட்' போதும்.

வங்கி அறிவிப்போடு வந்த அந்த அம்மா, மூன்றாம் நாள் ஒரு கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். புதிய காசோலைப் புத்தகம் கேட்டு மேலாளருக்கு எழுதிய கடிதம். அதில் தன் கணக்கு 'இன் தி எர்ஸ்ட்வைல் பிராஞ்ச் ஆஃப்' என்று தொடங்கி வங்கியின் பெயரைப் போட்டிருந்தார். "அம்மா, உங்கள் கிளையை மூடிவிட்டார்களா?" என்று கேட்டேன். "இல்லையே தம்பி, அதே தெருவில், அதே மாடியில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகைதான் வேறு" என்றார். சொல்லிவிட்டுத் தாளைத் தன் பக்கம் திருப்பி, பேனாவால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, வங்கியின் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்.